புதிதாக ஜாப் மொழி வடிவமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கணினி ஒன்றன்பின் ஒன்றாக ஓட்ட வேண்டிய நிரல்களின் வரிசைதான் ஜாப்; அதில் ஒவ்வொன்றும் ஒரு ஸ்டெப். எல்லா ஸ்டெப்பும் நல்லபடியாக ஓடுகிற ஜாப்பை எந்த மொழியிலும் எழுதிவிடலாம். நடுவில் ஒன்று விழுந்தால் என்ன செய்வது என்பதை எப்படி எழுத வைக்கிறீர்கள்? அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவிடாதீர்கள்.

ஐபிஎம் 1964இல் அறிவித்த சிஸ்டம்/360 கணினிகளுக்காகப் பிறந்த ஜாப் மொழியான ஜேசிஎல்லைப் பாருங்கள். ஒவ்வொரு ஸ்டெப்பும் முடியும்போது ரிட்டர்ன் கோடு என்ற எண்ணைத் தரும்; சுழி என்றால் வெற்றி. ஒரு ஸ்டெப்பில் காண்ட்=(4,எல்டி) என்று எழுதினால், முந்தைய ஸ்டெப்களில் ஏதாவது ஒன்றின் ரிட்டர்ன் கோடைவிட 4 சிறியதாக இருந்தால் (எல்டி என்பது ‘விடச் சிறியது’) இதை ஓட்டாதே என்று பொருள். எப்போது ஓட வேண்டும் என்று யோசிப்பவரை எப்போது ஓடக் கூடாது என்று எழுத வைக்கிறது. ஒப்பீட்டையும் திருப்பிப் போடுகிறது. ‘இப்படியானால் இது, இல்லையேல் அது’ என்று நேராக எழுத உதவும் இஃப்-தென்-எல்ஸ் வெகு காலம் கழித்தே வந்தது.

ஒரு கோப்பை என்ன செய்வதென்று சொல்லும் டிஸ்ப்=(நியூ,கேட்லாக்,டெலீட்) இன்னும் மோசம்: புதிதாக உருவாக்கு, முடிந்ததும் கேட்லாக் என்ற கோப்புப் பட்டியலில் சேர், இல்லையேல் அழி. படிப்பவர், ஸ்டெப் தோற்றால் கோப்பு அழிந்துவிடும் என்றே நம்புவார். ஆனால் நிரல் நடுவில் முறிந்து நின்றால்தான், அதாவது அபெண்ட் ஆனால்தான், மூன்றாவது சொல் வேலை செய்யும். நிரல் 12 என்ற கோடுடன் தானாக வெளியேறினால் அது இயல்பான முடிவுதான். அரைகுறைக் கோப்பு கேட்லாகில் ஏறிவிடும். மறுபடி ஓட்டினால், அதே பெயரில் கோப்பு இருக்கிறதென்று ஜாப் நின்றுவிடும். அதனால்தான் முதல் ஸ்டெப்பில் ஐஈஎஃப்பிஆர்14ஐ வைத்துப் பழையதைத் துடைக்கிறார்கள். ஒன்றுமே செய்யாத நிரல் அது; அந்த ஸ்டெப்பின் டிஸ்ப்பில் உள்ள டெலீட்தான் கோப்பை அழிக்கிறது. (அதன் முதல் வடிவத்திலும் பிழை! ரிட்டர்ன் கோடு நிற்கும் ரிஜிஸ்டர் 15ஐச் சுழியாக்காததால் ரிட்டர்ன் கோடாக எதுவோ வந்து நின்றது.)

யூனிக்ஸில் கட்டளைகளை ஓட்டும் ஷெல்லும் ஒன்றும் யோக்கியமில்லை. ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்கு ஊட்டும் பைப்பில் கோத்த கட்டளைகளில் கடைசியானதன் ரிட்டர்ன் கோடு மட்டுமே திரும்பும். டேட்டாபேஸை நகலெடுக்கும் டம்ப் முதலிலேயே விழுந்தாலும், அடுத்திருக்கும் சுருக்கு நிரலான ஜிஜிப் வெறுமையைச் சுருக்கி 0 தரும். பேக்கப் வெற்றி என்று பதிவாகும். நடுவில் எது விழுந்தாலும் தோல்வி என்று சொல்ல வைக்கும் பைப்ஃபெயிலை ஞாபகமாகப் போட வேண்டியிருப்பதே குறை.

ஆகவே சுழியல்லாத கோடு வந்தால் ஜாப் நிற்கட்டும். தொடர விரும்புபவர் அதை எழுதட்டும். வெளியீடு தற்காலிகப் பெயரில் உருவாகி, ஸ்டெப் வென்ற பிறகே உண்மைப் பெயர் பெறட்டும். மேற்கோள் குறி இல்லாத 3.10 என்ற பதிப்பெண்ணை, அமைப்புக் கோப்புகள் எழுதப் பயன்படும் யாமல் (YAML) என்ற வடிவம் 3.1 ஆக்குவதுபோல் எழுதியதைச் சத்தமில்லாமல் மாற்ற வேண்டாம்.

ஜேசிஎல்லில் எடுத்துக்கொள்ள வேண்டியதும் உண்டு. ஜாப்பின் தொடக்க வரியான ஜாப் கார்டில் ரீஸ்டார்ட் போட்டு ஏழாவது ஸ்டெப்பின் பெயரைக் கொடுத்தால், முதல் ஆறையும் தொடாமல் அங்கிருந்து கிளம்பும். இன்றைய பைப்லைன் மொழிகள் பலவற்றில் முழு ஜாப்பையும்தான் திரும்ப ஓட்ட முடிகிறது. ஆனால் ஒரு ஸ்டெப் அடுத்ததற்குத் தருவது ஜாப்போடு மறையும் கோப்பாக இருந்தால் ரீஸ்டார்ட் பலிக்காது. இடைக் கோப்புகளை எத்தனை நாள் வைத்திருப்பது என்பதையும் உங்கள் மொழியிலேயே சொல்ல இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
இரவு ஜாப்களைக் கவனிப்போர்