ஒரு மாத்திரை போதும் என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிதாக விட்ட பவளப்பாறை மீனின் உடலில் சிவந்த புண் கண்டால் தொட்டி நீரிலேயே டெட்ராசைக்ளின் என்ற நுண்ணுயிர் எதிர்ப்பு மாத்திரையைக் கரைத்துவிட்டால் போதும் என்று சென்ற இதழின் கட்டுரை சொல்கிறது. பல ஆண்டுகளாகத் தங்கள் இதழைப் படித்து வருபவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்த வரி என்னை மிகவும் வருத்தியது.

கடல்நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் டெட்ராசைக்ளினைப் பிணைத்துக்கொள்வதால் மீனின் உடலுக்குள் சேர்வது மிகக் குறைவு என்பது தாங்கள் அறியாததல்ல. உணவில் கலந்து கொடுக்கலாம்தான். ஆனால் நோயுற்ற மீன் முதலில் நிறுத்துவது உணவைத்தான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் எனக்கும் இதே யோசனை சொல்லப்பட்டது. வாங்கி வந்த ஏஞ்சல் மீனின் மார்புத் துடுப்பின் அடியில் நகக்கண் அளவுக்கு ஒரு சிவப்பு. மறுநாள் அங்கே செதில்கள் எழும்பி நின்றன, ஓரம் வெளுத்துச் சதை தெரிந்தது. விற்றவர் கொடுத்த, பெயர்கூட எழுதாத ஒரு பொடியைத் தொட்டியில் கரைத்தேன். புண் ஆறவில்லை. கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அழிந்து அம்மோனியா ஏறியது; நான்கு ஆண்டுகளாக நலமாக இருந்த கோமாளி மீன்கள் இரண்டும் நீர்மட்டத்தில் வாய் பிளந்து தவித்து இறந்தன. அவற்றை என் கையால்தான் எடுத்தேன்.

விப்ரியோ போன்ற பாக்டீரியாக்கள் கடல்நீரில் எப்போதும் இருப்பவை. வலை உரசி மேல்கோழை கிழிந்து, பயணத்தில் நலிந்து வரும் மீனைத்தான் அவை பற்றுகின்றன. அந்தப் பயணத்தைப் பற்றியும் தங்கள் இதழ் முன்பு தவறாகவே வழிகாட்டியது. மீன் நெடுந்தூரம் வந்த பையைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீர் சேர்க்கச் சொன்னீர்கள். பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறிக் காரத்தன்மை உயர, அதுவரை அடங்கியிருந்த அம்மோனியா நஞ்சாகிச் செவுளைச் சுடும் என்பதை எழுதவில்லை. இன்னொரு முறை, எல்லாப் புண்ணுக்கும் செம்பு மருந்து என்றீர்கள். அது சில ஒட்டுண்ணிகளைக் கொல்லுமே தவிர பாக்டீரியா நோயைத் தீர்க்காது. அப்போதே நான் எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதிலில்லை. விரலில் பிளாஸ்திரி சுற்றிய வெறுங்கை தொட்டிக்குள் இருக்கும் படத்தையும் வெளியிட்டீர்கள். 1926-இலேயே மீன்களில் கண்டறியப்பட்ட மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற பாக்டீரியா, காயத்தின் வழியாக மனிதரின் தோலிலும் புகுந்து மாதக்கணக்கில் ஆறாத கட்டிகளை உண்டாக்கும்.

புதிய மீனை நான்கு முதல் ஆறு வாரம் தனித் தொட்டியில் வைத்துக் கவனிக்க வேண்டும், மருந்து எதுவானாலும் அங்கேதான் கொடுக்க வேண்டும் என்று அடுத்த இதழில் அதே பக்கத்தில் இரண்டு வரி திருத்தம் வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்