மரக்கன்று தருகிறவர்கள் கம்பிக்கூடும் சேர்த்துத் தாருங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒட்டுசுட்டானிலிருந்து நெடுங்கேணி போகிற வீதியில் இருந்து உள்ளே இறங்கும் ஒரு கிரவல் பாதை முடிகிற இடத்தில் எங்கள் காணி இருக்கிறது. இரண்டு ஏக்கர். பின்பக்க வேலிக்கு அப்பால் காடு. எனக்கு 58 வயது, தோட்டம்தான் தொழில். யானை, குரங்கு, பன்றி பற்றி உங்கள் பத்திரிகையில் அடிக்கடி வாசிக்கிறேன். மானும், மான் இனத்தில் பெரிதான மரையும் பழமரங்களை என்ன செய்கின்றன என்பதை ஒருவரும் எழுதக் காணோம். அதனால் நானே எழுதத் துணிந்தேன்.

இது 2008 இல் நாங்கள் விட்டுவிட்டுப் போன காணி. 2011 இல் திரும்பி வந்தபோது காடு கிணற்றடி வரைக்கும் வந்திருந்தது. அப்பா வைத்த மா, பலா, தோடை ஒன்றும் மிஞ்சவில்லை. பலாமரத்தின் அடிக்கட்டை மட்டும் கரியாக நின்றது. கிணற்றை இறைத்து, பற்றையை வெட்டி, கச்சானும் மிளகாயும் போட்டு வயிற்றைப் பார்த்தோம். பழமரம் வைக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் பத்து வருடமாக மனதில் கிடந்தது.

2021 மார்கழியில் ஒரு திட்டத்தின் கீழ் 25 கன்றுகள் கிடைத்தன. கறுத்தக்கொழும்பான் மா ஒட்டுக்கன்று 15, கொய்யா 6, தோடை 4. நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று சொல்லத் தெரியவில்லை. முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி, மாட்டெருவும் மேல்மண்ணும் கலந்து நட்டேன். மழை விட்ட பிறகு வாளியில் தண்ணீர் சுமந்து ஊற்றினேன். மாசியில் ஒரு நாள் விடிய வாளியோடு போனால் 11 கன்றுகள் வெறும் குச்சியாக நிற்கின்றன. இரண்டை வேரோடு இழுத்துப் போட்டிருந்தது. சித்திரை வருசப் பிறப்புக்கு மிஞ்சியவை ஏழுதான்.

சொல்லப் போன இடத்தில், "அக்கா, ஆடு கடிச்சிருக்கும், வேலியைப் பாருங்கோ" என்றார்கள். எங்கள் ஆடுகள் பொழுதுபட்டால் கூட்டுக்குள் நிற்கும். மாலையில் முழுதாக நின்ற கன்று விடியக் குச்சியாக நின்றால் அது ஆட்டின் வேலை இல்லை. அன்றிலிருந்து நானே தடயம் பார்க்கப் பழகினேன். அது மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முயல் கடித்தால் தண்டு கத்தியால் சாய்வாக வெட்டியது போல் இருக்கும். மானுக்கு மேல்தாடையில் முன்பல் இல்லை. அது கடித்து இழுத்துப் பிய்க்கும், நுனி நார் நாராகத் தொங்கும். முள்ளம்பன்றி அடிமரத்துப் பட்டையை நிலத்தோடு ஒட்டிக் கறும்பும். பன்றி என்றால் மண் கிளறிக் கிடக்கும். கடி நாலடிக்குள் நின்றால் பெரும்பாலும் புள்ளிமான். அது கூட்டமாக வரும், ஒரே இரவில் வரிசையாகத் தின்றுகொண்டு போகும். அதற்கு மேலே கிளை முறிந்து தொங்கினால் மரை. ஒன்றோ இரண்டோதான் வரும், ஆனால் பின்காலில் எழும்பி நின்று எட்டிப் பிடிக்கும். ஈர மண்ணில் குளம்படியைப் பார்த்தாலே மானுக்கும் மரைக்கும் உள்ள அளவு வித்தியாசம் தெரியும்.

இலையைத் தின்றால் மரம் திரும்பத் துளிர்க்கும் என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். ஒட்டுக்கன்றுக்கு அந்த ஆறுதல் பொருந்தாது. ஒட்டுக்கு மேலே உள்ளது முழுவதும் போய்விட்டால் கீழே இருந்து வருகிற துளிர் கறுத்தக்கொழும்பான் அல்ல, ஒட்டுவதற்கு அடியாக வைத்த வேறு மாங்கன்றின் மரம். அதை நாலைந்து வருடம் தண்ணீர் ஊற்றி வளர்த்த பிறகுதான் காயைப் பார்த்து ஏமாறுவோம். அப்புறம் கொம்பு தேய்க்கிற பிரச்சினை. ஆண்மான் கொம்பின் தோலை உரிக்க, கை மொத்தம் உள்ள இளமரமாகப் பார்த்துத் தேய்க்கும். புள்ளிமானுக்கு அதற்கென்று ஒரு மாதம் கிடையாது, வருடம் முழுவதும் ஏதாவது ஒன்று கொம்போடு திரியும். பட்டை ஒரு பக்கம் மட்டும் போயிருந்தால் சாணியும் களிமண்ணும் குழைத்துப் பூசி நான் இரண்டு மரங்களைக் காப்பாற்றியிருக்கிறேன். சுற்றிவரப் போயிருந்தால் மரம் தப்பாது.

2025 மார்ச் 15 ஆம் திகதி காலை 8 மணிக்கு ஐந்து நிமிடம் நாடு முழுவதும் வளவுகளில் விலங்குகளை எண்ணினோமே, நினைவிருக்கும். நானும் படிவத்தை வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். குரங்கு, மந்தி, மர அணில், மயில். மானுக்கு அதில் இடம் இருக்கவில்லை. இருந்திருந்தாலும் காலை 8 மணிக்கு எண்ணியிருக்க முடியாது. பொழுது கருகிய பிறகு வந்து விடியுமுன் காட்டுக்குள் போய்விடுகிற விலங்கு அது. இலவசப் பயிர்க் காப்புறுதி என்றார்கள். அது நெல், மிளகாய், சோளம், சோயா, பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு என்ற ஆறு பயிர்களுக்கு வந்தது. பழமரம் அந்த வரிசையில் இல்லை. யானைக்கு அடித்த மின்வேலியின் கீழ்க்கம்பிக்கு அடியால் மான் குனிந்து வந்துவிடும். எந்தக் கணக்கிலும் விழாத சேதமாக இது இருக்கிறது.

நான் செய்து பார்த்தவை நிறைய. சவர்க்காரக் கட்டியைத் துணியில் முடிந்து கிளையில் தொங்கவிட்டேன். கூழ்முட்டையைத் தண்ணீரில் அடித்துத் தெளித்தேன். மீன் கழுவிய தண்ணீர் ஊற்றினேன். எல்லாம் கொஞ்ச நாள் வேலை செய்யும். ஒரு மழை பெய்தால் கழுவிப் போகும், மழை இல்லாவிட்டால் மூன்று நாலு கிழமையில் மான் அந்த மணத்துக்குப் பழகிவிடும். தகரம் தட்டினால் முதல் இரவு ஓடும், ஐந்தாம் இரவு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் தின்னும். தண்டுக்குச் சாக்குச் சுற்றினேன், உள்ளே கறையான் ஏறிவிட்டது.

பிறகு முல்லைத்தீவில் இருந்து பழைய மீன்வலை வாங்கி வந்து காட்டுப்பக்கம் கட்டினேன். அதைப் பற்றி உள்ளபடி சொல்ல வேண்டும். 2022 ஆவணியில் ஒரு விடியற்காலை நாய் விடாமல் குரைத்தது. போய்ப் பார்த்தால் ஒரு கொம்புமான் வலையில் சிக்கிக் கிடந்தது. கொம்பு முழுக்க நைலோன். இழுத்து இழுத்துக் கழுத்துத் தோல் அறுந்திருந்தது. என் தமையனின் மகன் அதன் முகத்தில் சாரத்தைப் போட்டு மூடிப் பிடித்தான், நான் அரிவாளால் ஒவ்வொரு இழையாக அறுத்தேன். அதன் நெஞ்சு அடிக்கிற அடி என் முழங்காலில் தெரிந்தது. என் 18 கன்றுகளைத் தின்ற கூட்டத்தில் அதுவும் ஒன்றாக இருக்கலாம். ஆனாலும் எனக்கு அழுகை வந்துவிட்டது. விட்டதும் இரண்டு தரம் விழுந்து எழும்பிக் காட்டுக்குள் போனது. அன்றே வலையைக் கழற்றினேன். தளரக் கட்டிய வலையை யாரும் வேலியாகப் பாவிக்காதீர்கள். மான் மட்டுமல்ல, பாம்பும் உடும்பும் பறவையும் அதில் மாட்டும்.

கடைசியில் கைகொடுத்தது கூடுதான். கன்றில் இருந்து இரண்டடி தள்ளி நாலு கிளுவைக் கதியால் நட்டு, ஆறடி உயரத்துக்குக் கம்பி வலையை இறுக்கமாகச் சுற்றி, அடியை நிலத்தோடு முளையடித்துக் கட்ட வேண்டும். அடி தளர்ந்தால் மூக்கால் தூக்கிவிடும். இரண்டடி இடைவெளி இல்லாவிட்டால் வலைக்கு வெளியே நீட்டுகிற துளிரை நாக்கால் வளைத்து இழுக்கும். கதியாலை மாரியில் நட்டால் வேர்விடும், உயிருள்ள கட்டையைக் கறையான் தின்னாது. மரம் வளர வளர ஆறடிக்குக் கீழே உள்ள கிளைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துவிட்டால், மூன்று நாலு வருடத்தில் தலை மானின் வாய்க்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். அப்போது வலையைக் கழற்றி அடுத்த கன்றுக்குப் போடலாம். தண்டுக்கு மட்டும் கொம்பு படாமல் ஒரு முழ அகல வலைத்துண்டு சுற்றியிருக்க வேண்டும். மிஞ்சிய ஏழு கன்றுகளுக்கும் அப்படித்தான் செய்தேன். ஏழும் நிற்கின்றன. இரண்டு மா போன வருடம் பூத்தது.

காட்டுப்பக்கத்துக்குக் கிடுகு வேலி கட்டினேன். கம்பிவேலி ஆறடி என்றாலும் மான் பாயும். அடைத்த வேலி என்றால், மறுபக்கம் எங்கே கால் வைப்பது என்று தெரியாததால் பாயத் தயங்கும். எங்கள் அப்பு அம்மாச்சி காலத்து வேலி அதுதான். மட்டையும் கிடுகும் அலம்பலும் வைத்து அடைத்தார்களே தவிரக் கம்பிக்கு அவர்கள் காசு கொடுக்கவில்லை. குறை என்னவென்றால் கிடுகை வருடத்துக்கு ஒரு தரம் மாற்ற வேண்டும். தனி ஆளாக அது சுமைதான்.

ஆகவே கன்று கொடுக்கிற எல்லாரையும், அது அரசாக இருந்தாலும் தொண்டு நிறுவனமாக இருந்தாலும் வெளிநாட்டில் இருக்கும் எங்கள் பிள்ளைகளாக இருந்தாலும், கைகூப்பிக் கேட்கிறேன். ஒரு வீட்டுக்கு 25 கன்று கொடுக்கிற காசில் 8 கன்றும் 8 கூட்டுக்கு வேண்டிய கம்பி வலையும் கொடுங்கள். கன்றின் விலையை விடக் கூட்டின் விலை கூடத்தான். ஆனால் ஒரு கூடு ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மூன்று மரங்களை வளர்க்கும். 25 கொடுத்தோம் என்று படம் எடுத்துப் போட்டால் பார்க்க நன்றாக இருக்கும். இரண்டு வருடம் கழித்து எத்தனை நிற்கிறது என்று எண்ண வந்த ஒருவரையும் நான் இன்னும் காணவில்லை.

கொடுக்கிற காலமும் முக்கியம். ஐப்பசி கார்த்திகையில் கொடுத்தால் காட்டுக்குள் பச்சைப் புல் இருக்கும், கன்றும் மழையில் வேர்பிடிக்கும். மார்கழி தையில் தந்தால் நாங்கள் தண்ணீர் ஊற்றத் தொடங்குகிற நேரம் காடு காயத் தொடங்குகிறது. வைகாசி ஆனியில் பார்த்தால் சுற்றுவட்டாரத்திலேயே பச்சையாக நிற்பது எங்கள் கன்று ஒன்றுதான். பசித்த விலங்கு வேறு எங்கே போகும்? பாலை பழுத்துக் கொட்டுகிற வருடம் மான் வளவுக்கு வராது என்று அப்பா சொல்வார். அந்தப் பாலையையும் முதிரையையும் இரவோடு இரவாக அறுத்து ஏற்றுகிறவர்களைப் பற்றி எழுதினால் இன்னொரு கடிதம் வேண்டும்.

ஒன்றை மட்டும் எங்கள் ஊர்ப் பெடியன்களுக்கும் சொல்ல வேண்டும். விலங்கு தட்டினால் தானாக வெடிக்கிற கட்டுத்துவக்கும் சுருக்கும் வேலியில் கரண்ட் கொடுப்பதும் வேண்டாம். மானையும் மரையையும் கொல்வது 1937 ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி குற்றம். அதை விடுங்கள், விறகுக்கும் பாலைப்பழத்துக்கும் காட்டுக்குள் போகிறவர்கள் எங்கள் சனம்தான். கட்டுத்துவக்குக்கு மான் எது, மனிதன் எது என்று தெரியாது. ஒரு காலத்தில் அடி வைக்கப் பயந்து நடந்த மண் இது. மிதிவெடி எடுத்து முடித்த காட்டுக்குள் நாங்களே திரும்பவும் வெடி வைக்கலாமா?

இந்த மாரிக்குக் கன்று கொடுக்கும் திட்டம் யாரிடமாவது இருந்தால், ஐப்பசிக்கு முன்னர் ஒருவரை எங்கள் பக்கம் அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பகல் பத்து மணிக்கு வந்தால் ஒன்றும் தெரியாது. மாலை ஆறரைக்கு வரட்டும். கிரவல் பாதை முடிகிற இடத்தில் நான் ரோச் லைட்டோடு நிற்பேன். வேலியோரம் இருபது கண்கள் மினுங்குவதைக் காட்டிவிட்டு, கூட்டுக்குள் நிற்கிற ஏழு மரங்களையும் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தோட்டக்காரி,
ஒட்டுசுட்டான்.