ஆக்‌ஷனில் கை வைப்பதற்கு முன்

அன்பு மகளுக்கு,

மூன்றாம் நிலை கிரிக்கெட் பயிற்சியாளர் படிப்புக்காக நீ எழுதி அனுப்பிய திட்டத்தைப் படித்தேன். சீசன் முழுக்க ஒரே வீரரைக் கவனித்து அறிக்கை எழுத வேண்டும் என்றதும், பதினைந்து வயது வேகப்பந்து வீச்சாளன் ஒருவனைப் பிடித்திருக்கிறாய். நல்ல தேர்வு, வம்பான தேர்வும்கூட. ஆனால் முதல் பக்கத்திலேயே "மிக்ஸட் ஆக்‌ஷன், திருத்த வேண்டும்" என்று முடிவு கட்டிவிட்டாய். அதாவது, அவன் பந்து வீசும் விதத்தில் இடுப்பும் தோளும் வேறு வேறு பக்கம் பார்க்கின்றன என்கிறாய். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவாய் என்பதால் எழுதுகிறேன்.

முதல் இரண்டு நிலைகளில் எது சரி என்று சொல்லிக்கொடுத்தார்கள். பந்தைப் பிடிப்பது, நிற்பது, முன்கால் விழும் இடம், வகுப்பை நடத்தும் விதம், எல்லாம் தேவைதான். இப்போது உன்னிடம் கேட்பது வேறு. இந்தப் பையனுக்கு, இந்த வயதில், இந்த சீசனில் இதை மாற்றலாமா, மாற்றினால் அதற்குப் பதில் சொல்ல நீ தயாரா? பயோமெக்கானிக்ஸ், உளவியல், வருடாந்தரப் பயிற்சித் திட்டம் என்று பாடம் பாடமாக உன் தலையில் ஏற்றுவது இந்தக் கேள்விக்காகத்தான் என்று எனக்குப் படுகிறது.

மிக்ஸட் ஆக்‌ஷன் ஆபத்தானது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இடுப்பு ஒரு பக்கம் பார்க்கிறது, தோள் இன்னொரு பக்கம் பார்க்கிறது, நடுவில் முதுகெலும்பை ஈரத்துணியைப் பிழிவது போலப் பிழிகிறோம். அதே நேரத்தில் முன்கால் தரையில் இறங்கும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை மேலே ஏறி வருகிறது. அடிமுதுகில் நாலாவது, ஐந்தாவது எலும்புகள்தான் பெரும்பாலும் அடி வாங்கும். வலது கைக்காரனுக்கு விரிசல் அதிகமும் இடது பக்கத்தில் விழுகிறது. பதினைந்து வயதில் அந்த எலும்பு இன்னும் முழுதாகக் கெட்டிப்படவில்லை என்பதை உன் பாடப் புத்தகமே சொல்லும்.

சரி, அப்படியானால் உடனே திருத்திவிடலாமே என்பாய். ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லியை எடுத்துக்கொள். 1973-ல் முதுகெலும்பில் விரிசல் விழுந்து மாவுக்கட்டோடு படுத்தார். பிறகு உடற்பயிற்சி நிபுணர்களோடு உழைத்து, முதுகுக்குச் சுமை குறையும்படி ஆக்‌ஷனைச் செதுக்கிக்கொண்டு 1974-ன் கடைசியில் திரும்பி வந்தார். 355 டெஸ்ட் விக்கெட்டுடன் ஓய்வு பெற்றபோது அது உலக சாதனை. இதைப் பார்த்தால் மாற்றுவதுதான் சரி.

அடுத்து இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர் ஜேம்ஸ் ஆண்டர்சன். பந்தை விடும்போது தலை கீழே சாய்கிறது, இப்படியே வீசினால் உடம்பு தாங்காது என்று பயிற்சியாளர்கள் அவருடைய ஆக்‌ஷனை மாற்றினார்கள். வேகம் போனது, ஸ்விங் போனது, 2006-ல் முதுகெலும்பில் விரிசலும் விழுந்தது. குணமாகித் திரும்பியவர் பழைய ஆக்‌ஷனுக்கே போய்விட்டார். 2024-ல் ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 704 டெஸ்ட் விக்கெட். மாற்றச் சொன்னவர்கள் யாரும் விவரம் தெரியாதவர்கள் அல்ல, அதைக் கவனி. காயம் வரக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள்.

பும்ரா இன்னும் சிக்கல். பயிற்சிக் கையேட்டில் இல்லாத ஆக்‌ஷன், அதை அப்படியே விட்டதால்தான் அவர் அவராக இருக்கிறார். 2023-ல் முதுகில் அறுவை சிகிச்சை, 2024 டி20 உலகக் கோப்பையில் தொடர் நாயகன். விட்டது சரியா தவறா என்று இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நீயே சொல் பார்ப்போம்.

லில்லி தானே வலியை அனுபவித்து, தானே விரும்பி மாற்றிக்கொண்ட முதிர்ந்த வீரர். ஆண்டர்சனுக்கு மாற்றம் வெளியிலிருந்து வந்தது. எனக்கு முக்கியமாகப் படும் வித்தியாசம் இதுதான், ஆனால் உன் திட்டத்தில் அந்தப் பையன் என்ன நினைக்கிறான் என்று ஒரு வரிகூட இல்லை. அவனுக்கு வலி இருக்கிறதா, எப்போது வருகிறது, தன் ஆக்‌ஷனைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும் என்பதெல்லாம் முதல் பக்கத்துக்கு வர வேண்டிய விஷயம்.

என்னைக் கேட்டால், ஆக்‌ஷனைத் தொடுவதற்கு முன் அவன் வீசும் ஓவர்களை எண்ணு. நடுவராக நின்ற காலத்தில் இதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஸ்டம்புக்குப் பின்னால் நிற்பவனுக்குத் தோள் திரும்புவது சரியாகத் தெரியாது, ஆனால் முன்கால் விழும் சத்தமும் பந்து போட்டுவிட்டுப் பையன் திரும்பி நடப்பதும் நன்றாகத் தெரியும். ஸ்பெல்லின், அதாவது தொடர்ந்து வீசும் ஓவர்களின், மூன்றாவது, நாலாவது ஓவரில் தலை இடது பக்கம் சரிய ஆரம்பிக்கும். பிறகு திரும்பி நடக்கையில் ஒரு கை தானாகவே இடுப்புக்குப் பின்னால் போய் அழுத்தும். எல்லைக்கோட்டில் இருக்கும் பயிற்சியாளர் அப்போதும் ஸ்கோர்போர்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். நல்ல பையன் என்றால் பள்ளி அணி, கிளப், வயதுப் பிரிவு அணி மூன்றிலும் வீசுவான். மூன்று பயிற்சியாளர்களும் தங்கள் கணக்கை மட்டும் பார்ப்பார்கள், வலைப்பயிற்சியில் போடும் பந்து யார் கணக்கிலும் வராது. அளவுக்கு மீறி வீசியதன் விளைவு அதே வாரம் தெரிந்துவிட்டால் பரவாயில்லை, சில வாரம் கழித்தும் வரும் என்பதுதான் தொல்லை. மற்ற இரண்டு பயிற்சியாளர்களிடமும் பேசி ஒரே கணக்காக்கு. அப்பா அம்மாவையும் பிசியோவையும் அதில் சேர்த்துக்கொள். மேல்நிலைச் சான்றிதழ் கையில் இருந்தால் இந்த மாதிரிப் பேச்சுக்கு நாலு பேர் காது கொடுப்பார்கள், அந்த விதத்தில் அந்தக் காகிதத்துக்கு மதிப்பு உண்டு.

வீடியோ விஷயம். நீ எடுத்திருப்பது நொடிக்கு 25 படம் ஓடும் சாதாரண வீடியோ என்று நினைக்கிறேன். மணிக்கு 110 கிலோமீட்டரில் போகும் பந்து ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் ஒரு மீட்டருக்கு மேல் போய்விடும். கை பந்தை விடும் கணம் அந்த இடைவெளியில் காணாமல் போயிருக்கும். 240 படம் வைத்து எடுத்தால் இடைவெளி 13 சென்டிமீட்டர் அளவுக்குக் குறையும். கேமராவை நேர் பின்னால் ஒன்று, கிரீஸுக்குப் பக்கவாட்டில் ஒன்று என வை. கொஞ்சம் கோணலாக வைத்தாலும் தோளும் இடுப்பும் வேறு வேறு பக்கம் திரும்பியிருப்பது போலத் தெரியும், இல்லாத மிக்ஸட் ஆக்‌ஷனைத் திருத்தப் போய்விடுவாய். கண் ஏமாற்றும் என்பதற்கு எங்கள் நடுவர் வர்க்கமே சாட்சி. 1995 பாக்ஸிங் டே டெஸ்டில், மடக்கிய முழங்கையை நீட்டிப் பந்தை எறிகிறார் என்று முரளிதரனுக்கு 7 முறை நோ பால் கொடுத்தார்கள். அவர் முழங்கை பிறவியிலேயே முழுதாக நிமிராது என்பது வெறும் கண்ணுக்கு எப்படித் தெரியும்? பிறகு ஆய்வகத்தில் அளந்து பார்த்ததில் ஒழுங்கான ஆக்‌ஷன் என்று எல்லோரும் நம்பியவர்களின் கையும் ஓரளவு நீள்வது தெரிந்தது. 2005-ல் சர்வதேச கிரிக்கெட் அமைப்பான ஐசிசி, வீசும்போது முழங்கை நீள்வதற்கு எல்லோருக்கும் 15 டிகிரி என்று வரம்பு வைத்தது.

இத்தனைக்கும் பிறகு மாற்றியே ஆக வேண்டும் என்று தெரிந்தால் மாற்று, நான் தடுக்கவில்லை. ஆனால் சீசன் நடுவில் வேண்டாம். முதலில் பந்தில்லாமல் நடந்தபடி, பிறகு இரண்டு மூன்று அடி ஓட்டத்தில், பேட்ஸ்மேனும் ஸ்டம்பும் இல்லாமல். முழு ஓட்டம் கடைசியில். நடுவில் அவன் கண்டிப்பாக மோசமாக வீசுவான், லைன் போகும், வேகம் குறையும். அதை முன்கூட்டியே அவனிடமும் அணித் தேர்வாளர்களிடமும் சொல்லி வை, இல்லாவிட்டால் மூன்றாவது வாரமே அவனை உட்கார வைத்துவிடுவார்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயம். "தோளைத் திருப்பாதே" என்று உடம்பைப் பற்றிச் சொல்வதைவிட, "இந்தக் கோட்டின் மேலேயே ஓடி வந்து அந்தக் கோட்டிலேயே வெளியே போ" என்று தரையைக் காட்டிச் சொல்வது சீக்கிரம் பிடிபடும். மேலே சொன்ன உடற்கூறு எல்லாம் உன் அறிக்கைக்கு, அவன் காதுக்கு அல்ல.

வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் பெரிய ஆட்டம் ஆடியவர்கள் என்று போனில் இரண்டு முறை சொல்லிவிட்டாய். ஆஸ்திரேலியாவுக்கு 2003, 2007 உலகக் கோப்பைகளை வென்று தந்த பயிற்சியாளர் ஜான் புக்கானன் ஆடியது வெறும் 7 முதல்தர ஆட்டம். 2015-ல் நியூசிலாந்தை இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோன மைக் ஹெசன் அதுவும் ஆடியதில்லை. இந்தப் பேச்சை இத்தோடு விடு.

திட்டத்தின் முதல் பக்கத்தைத் திருப்பி எழுதி அனுப்பு. "திருத்த வேண்டும்" என்ற இடத்தில் "கவனிக்க வேண்டும்" என்று போட்டு, கீழே நாலு வார ஓவர் கணக்கையும், வலி பற்றி அவன் சொன்னதை அவன் வார்த்தையிலேயும் எழுது. மதிப்பீட்டாளருக்குப் போவதற்கு முன் எனக்கு வரட்டும், நோ பால் எங்காவது இருந்தால் நானே சொல்லிவிடுகிறேன். அம்மா உன்னிடம் வேறு ஏதோ கேட்க வேண்டுமாம், ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு.

அன்புடன்,
அப்பா