கம்பி வைப்பதும் வேட்டைதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

பயிர் அழிக்கும் விலங்குகளைப் பற்றி உங்கள் பக்கங்களில் நடக்கும் விவாதத்தில் "வேட்டை" என்ற சொல் வந்ததுமே பலர் கதவைச் சாத்திவிடுகிறார்கள். அந்தக் கோபம் நியாயமானதே. பிரித்தானிய ஆட்சிக்கால இலங்கையில் அதிகாரியாக இருந்து, 1845இல் மின்னல் தாக்கி இறந்த மேஜர் ரொஜர்ஸ் அதற்குள் சுட்டுத் தள்ளிய யானைகள் 1400 வரை இருக்கும் என்பார்கள். அப்படிப்பட்ட வேட்டைக்காக யாரும் வாதாட முடியாது. ஆனால் இன்று நம் நாட்டில் வேட்டை இல்லையா? தாராளமாக இருக்கிறது, அனுமதியும் கணக்கும் இல்லாமல்.

2020 மே மாதம் நல்லதண்ணி, லக்ஷபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்குக் கம்பியில் மாட்டியது. உடவளவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை அளித்தும் சில நாட்களில் இறந்துபோனது. பன்றிக்கென்று வைக்கிற கம்பிக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. விலங்கு திமிறத் திமிற அது இறுகும். வெளியே தோலில் ஒரு கோடுதான் தெரியும். உள்ளே தசை நசிந்துபோயிருக்கும். ஹக்கபட்டாஸ் இதைவிடக் கொடியது. தீனிக்குள் மறைத்த வெடியை யானைக்குட்டி கடித்தால் தாடை சிதறி, தின்னவும் குடிக்கவும் முடியாமல் நாட்கணக்கில் பட்டினி கிடந்து சாகும். வழியில் கட்டிவைத்து, தட்டுப்பட்டால் தானாக வெடிக்கும் கட்டுத்துவக்கோ அந்த வழியாக வரும் மனிதரையும் விடாது.

இவற்றுக்கு மாற்றாக, வழிகாட்டியோடு, எண்ணிக்கை வரையறுத்து நடத்தப்படும் வேட்டை வேறிடங்களில் காட்டைக் காப்பாற்றியிருக்கிறது. பாகிஸ்தானின் பலுச்சிஸ்தானில் தோர்கர் மலையில் மார்க்கோர் என்ற முறுக்குக்கொம்பு ஆடு அழியும் தறுவாயில் இருந்தது. 1980களின் நடுவில் அங்குள்ள பழங்குடியினர் தங்கள் வேட்டையை நிறுத்தி, தங்கள் ஆட்களையே காவலர்களாக நியமித்தார்கள். ஆண்டுக்கு ஒருசில கிழட்டுக் கடாக்களைச் சுட வெளிநாட்டவர் கட்டிய கட்டணமே அவர்களுக்குச் சம்பளமானது. 1997இல், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் (CITES) உடன்படிக்கையின் மாநாடு முழு பாகிஸ்தானுக்கும் அனுமதித்தது ஆண்டுக்கு 6 மார்க்கோர். 2002இல் அது 12 ஆனது. கட்டணத்தில் 80 சதவீதம் ஊருக்குப் போகிறது. உலகளவில் அருகிவரும் இனமாக இருந்த மார்க்கோரை, 2015இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் (IUCN) அதைவிட ஆபத்து குறைந்த, 'அச்சுறுத்தலை அண்மித்த' பிரிவுக்கு மாற்றியது.

இதில் வழிகாட்டியின் வேலை காட்டில் பாதை காட்டுவது மட்டுமல்ல. புறப்படுமுன் வந்தவரின் துவக்கைக் காகித இலக்கில் சுடவைத்துச் சரிபார்க்க வேண்டும். தொலைநோக்கியில் கொம்பின் வருட வளையங்களைப் பார்த்து வயதைக் கணிக்க வேண்டும். விலங்கு பக்கவாட்டில் நிற்காவிட்டால், அல்லது அதன் பின்னால் இன்னொன்று நின்றால், "வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரம் அவரிடமே இருக்க வேண்டும். குண்டு ஒன்றைத் துளைத்து அடுத்ததையும் காயப்படுத்தும். வெடி பட்டவுடனே விலங்கின் பின்னால் ஓடக்கூடாது. அரை மணி நேரம் பொறுத்தால் கிட்டத்திலேயே விழுந்து கிடக்கும். துரத்தினால் இரத்தம் சிந்தியபடி மைல் கணக்கில் போய்விடும். ஒழுங்காக நடக்கும் இடங்களில், காயப்பட்டுத் தப்பியதும் சுட்டதாகவே கணக்கில் எழுதப்படும்.

இது பிழையாகிப்போன இடங்களும் உண்டு. தன்சானியாவில் இளம் ஆண் சிங்கங்களைச் சுட்டார்கள். புதிதாக வந்து கூட்டத்தைப் பிடித்த ஆண் பழைய குட்டிகளைக் கொன்றது. ஒன்றைச் சுட்டதில் பல போயின. ஆறு வயதுக்குக் குறைந்ததைத் தொடாதே என்ற விதி அதன் பிறகே வந்தது. மூக்கு எவ்வளவு கறுத்திருக்கிறது என்று பார்த்து அந்த வயதைக் கணிக்கிறார்கள். பணம் தலைநகரிலேயே தங்கிவிட்டாலும் திட்டம் படுத்துவிடும். நமீபியா 1996இல் சட்டத்தைத் திருத்தி வருமான உரிமையை ஊர் அமைப்புகளுக்கே கொடுத்தது இதற்காகத்தான். இறைச்சியும் அங்கே ஊருக்குத்தான். சுற்றுலாப் பயணிகள் ஜீப்பில் வந்து படமெடுக்கும் இடங்களுக்கு இது தேவையில்லை என்பதையும் சொல்லவேண்டும். எவரும் எட்டிப்பார்க்காத காட்டோரங்களுக்கே இது பொருந்தும்.

இங்கே யானை, சிறுத்தை, மரை, மான் எதையும் தொட வேண்டியதில்லை. காட்டுப்பன்றி ஒன்று போதும். ஆனால் 2025 மார்ச் 15இல் நாடு முழுவதும் ஐந்து நிமிடத்தில் குரங்கையும் மயிலையும் எண்ணியதுபோல எண்ணி வேலையில்லை. ஒரே பாதையில், ஒரே மாதத்தில், ஆண்டுதோறும் எண்ண வேண்டும். 30 மீற்றருக்கு அப்பால், சிறு குண்டுகளாகச் சிதறும் சன்னத் தோட்டா பெரும்பாலும் காயப்படுத்துமே தவிரக் கொல்லாது. அந்தத் தூரத்தை அனுமதிப்பத்திரத்திலேயே எழுத வேண்டும். கோடு விழுந்த குட்டிகளோடு நிற்கும் தாய்ப்பன்றியைச் சுடக்கூடாது. கட்டணம் கமக்காரர் அமைப்பின் கணக்குக்குப் போய், வரவு செலவு கமநல சேவை நிலையத்தின் அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமான நிபந்தனை ஒன்று. அந்தக் கிராமத்து எல்லைக்குள் ஒரு சுருக்குக் கம்பி கண்டெடுக்கப்பட்டாலும் அடுத்த ஆண்டு அனுமதி இல்லை. அப்போது கம்பியைத் தேடிக் கழற்றுவது ஊராரின் சொந்த வேலையாகிவிடும். ஒரே ஒரு பிரதேச செயலகப் பிரிவில் மூன்று ஆண்டுகள் நடத்திப் பாருங்கள். கழற்றி எடுக்கும் கம்பிகளின் எண்ணிக்கை மூன்றாம் ஆண்டில் குறையாவிட்டால் திட்டத்தை மூடிவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.