46 சட்டை எண், புள்ளிக் கணக்கு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் பட்டி ரயன் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில், அந்த விளையாட்டின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் சிகாகோ பேர்ஸ் அணி 46 புள்ளிகள் குவித்ததால்தான் அவருடைய தடுப்பு வியூகத்துக்கு '46' என்று பெயர் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். பள்ளியில் சேர்த்த பிறகு பிள்ளைக்குப் பெயர் வைக்கும் வழக்கம் உங்கள் அலுவலகத்தில் உண்டு போலும். அது டக் பிளாங்க் என்ற வீரரின் சட்டை எண். 1986 ஜனவரியில் அந்த ஆட்டம் நடப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே அவர் அணியை விட்டுப் போய்விட்டார். தங்களுக்குத் தெரியாததா!

நான் அப்போது சிகாகோவில்தான் இருந்தேன். பழைய கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி. ஆன்டெனா முனையில் அலுமினியத் தாளைச் சுற்றி, ஒரு கையால் பிடித்துக்கொண்டே பார்த்தேன். எதிரணியான நியூ இங்கிலாந்து பந்தோடு ஓடிச் சேர்த்தது மொத்தம் 7 கெஜம். எங்கள் ஊர் வீட்டுத் திண்ணையே அதைவிட நீளம். ஆட்டம் முடிந்ததும் தலைமைப் பயிற்சியாளர் மைக் டிட்காவைத் தோளில் தூக்கினார்கள். அவருக்குக் கீழே வேலை பார்த்த ரயனையும் தூக்கினார்கள். துணைப் பயிற்சியாளருக்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கட்டுரையில் அதற்கு ஒரு வரி கிடையாது. சக பயிற்சியாளர் கெவின் கில்பிரைடை மைதான ஓரத்தில் குத்தியதற்கு மட்டும் அரைப் பக்கம். குத்தினார்தான், ஊரே பார்த்தது. அவர் சாது என்று வாதாட வரவில்லை. பின்னர் பிலடெல்பியா அணியில் 5 ஆண்டுகள் தலைமைப் பயிற்சியாளராக இருந்தும், பிளேஆஃப் எனும் இறுதிக்கட்டச் சுற்றில் ஒரு வெற்றிகூட இல்லை. குறைதான் வேண்டுமென்றால் அதை எழுதியிருக்கலாமே.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே விளையாட்டுச் செய்திக்கு உருண்டைப் பந்தின் படம் போட்டீர்கள். இதில் பந்து முட்டை வடிவம் என்று எழுதினேன், பதில் இல்லை. பொங்கல் மலர் வந்து சேரவில்லை என்று எழுதினேன், சந்தா புதுப்பிக்கும் படிவம் வந்தது.

1981இல் ரயனின் வேலை போய்விடும் என்ற நிலையில், தடுப்பாட்ட வீரர்கள் கையெழுத்துப் போட்டு உரிமையாளர் ஜார்ஜ் ஹாலஸுக்கு ஒரு கடிதம் அனுப்பினார்கள். 86 வயதுக்காரர். படித்தார். தலைமைப் பயிற்சியாளரை அனுப்பிவிட்டு ரயனை வைத்துக்கொண்டார். கடிதம் வந்தால் பிரித்துப் படிக்கிறவர்கள் அந்த ஊரில் இருந்தார்கள்.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போட்டால் போதும். உருண்டைப் பந்து இந்த முறையும் 31ஆம் பக்கத்தில் இருக்கிறது; அதை விட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
சிகாகோ