பெலடோனா கொடுத்துவிட்டுப் பொறுத்துப் பார்ப்பதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் ஆரோக்கியப் பக்கத்தில் வெயில் களைப்புக்கு ஹோமியோபதி மருந்து என்று அரைப்பக்கம் போட்டிருந்தீர்கள். முகம் சிவந்து, உடம்பு கொதித்து, தலை விண்விண்ணென்று இடித்து, ஆள் பிதற்றினால் பெலடோனா 30. தலை வெடிப்பதுபோல இருந்தால் குளோனாயின். கொடுத்துவிட்டுக் கால் மணித்தியாலம் பொறுத்துப் பார்க்க வேண்டுமாம். அந்த இடத்தில்தான் எனக்குப் பொறுமை போய்விட்டது.

ஐயா, அது களைப்பே இல்லை. களைத்தவன் வியர்த்துக் கொட்டி, வெளிறி, தோல் பிசுபிசுவென்று குளிர்ந்து, தலைசுற்றி வாந்தி வருகிறது என்பான், ஆனால் பேர் ஊர் கேட்டால் ஒழுங்காகச் சொல்லுவான். நிழலில் படுக்க வைத்து, சட்டையைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து, ஜீவனி உப்புச் சீனித் தூள் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடுவான். நீங்கள் பெலடோனாவுக்கு எழுதிய அடையாளம் ஹீட் ஸ்ட்ரோக்குடையது. உடம்புச் சூடு 40 பாகையைத் தாண்டி மூளை கலங்குகிற நிலை. அங்கே கால் மணித்தியாலம் என்பது ஓர் உயிர். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா என்ன!

நான் புறக்கோட்டையில் கடை வைத்திருப்பவன். சித்திரை வருஷ வியாபாரம் சூடு பிடிக்கிற நேரத்தில்தான் சூரியனும் கொழும்புக்கு நேர் உச்சியில் நிற்கும். அப்படி ஒரு மத்தியானம் வண்டில் தள்ளி வந்த, மூட்டை தூக்குகிற நாட்டாமி அண்ணன் என் கடை வாசலிலேயே சரிந்தார், என்னைப் பார்த்து செத்துப்போன தன் தம்பியின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். பக்கத்துக் கடைக்காரர் ஹோமியோபதி உருண்டைக் குப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார், பாவம், நல்ல மனசு. நினைவு தடுமாறுகிறவர் வாயில் எதைப் போட்டாலும் புரையேறலாம் என்று அவரைத் தடுத்துவிட்டு, பிரிட்ஜில் இருந்த தண்ணீர்ப் போத்தல் அத்தனையையும் அண்ணன் மேல் ஊற்றி, அட்டைப் பெட்டியைக் கிழித்து விசிறி, 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடித்தோம். இன்றைக்கும் அவர் வண்டில் தள்ளுகிறார்.

1970லேயே சட்டம் போட்டு அங்கீகரித்த வைத்தியம் என்பீர்கள். சரி. என் வீட்டிலும் தடிமனுக்கு அந்தச் சீனி உருண்டைதான், நான் வாய் திறப்பதில்லை, தடிமன் எப்படியும் போகும். ஆனால் அந்தப் பெலடோனா 30 போல ஒன்றுக்கு நூறாக முப்பது தடவை கரைத்தால் மூல மருந்தில் ஒரு மூலக்கூறாவது மிஞ்சுமா என்று ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிற பள்ளிக்கூடப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. வளிமண்டலவியல் திணைக்களத்தின் வெப்ப எச்சரிக்கையைத் தபால் முத்திரை அளவில் உள்பக்க மூலையில் போடுகிறீர்கள், இந்த உருண்டைக்கு அரைப்பக்கம், கீழே எழுதியவரின் தொலைபேசி இலக்கமும்! கட்டுரையா, விளம்பரமா? புறக்கோட்டையில் வேலைசெய்கிறவர்களுக்குக் குடிதண்ணீர்க் குழாய் வேண்டும் என்று போன வருஷம் நான் எழுதிய கடிதத்துக்கு மட்டும் இடம் இருக்கவில்லை. வெயிலில் நிற்கிறவன் உங்கள் பேப்பரை வாங்குவதில்லை என்று கணக்குப் போட்டிருப்பீர்கள் போலும்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் போடுங்கள்: வெயிலில் இருந்தவர் பிதற்றினாலோ மயங்கினாலோ உடனே 1990, அம்புலன்ஸ் வரும்வரை தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், வாயில் எதுவும் போடாதீர்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
புறக்கோட்டை வியாபாரி ஒருவர்,
கொழும்பு 11