கல்லீரல் சிகிச்சைப் பிரிவுகளை நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை மருத்துவர்களுக்கும், மருத்துவமனை நிர்வாகிகளுக்கும், செவிலியர் கண்காணிப்பாளர்களுக்கும் வணக்கம்.

சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய், வந்த என் அண்ணனை நானும் அண்ணியும் சேர்ந்து பார்த்துக்கொள்கிறோம். அந்த உரிமையில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பிரிவில் சிகிச்சை பெறுபவர்களும் அவர்கள் வீட்டாரும் கூப்பிட்டால் எடுத்துப் பேச, கல்லீரல் நோயாளிகளைக் கவனித்துப் பழகிய செவிலியர் ஒருவர் தொலைபேசியில் இருக்க வேண்டும். கூப்பிடுபவரின் ஃபைலைத் திறந்து பார்க்கவும், தேவைப்பட்டால் மருத்துவரிடம் உடனே பேசவும், ஓ.பி. தேதியைச் சீக்கிரமாக மாற்றி வாங்கித் தரவும் அவருக்கு அதிகாரம் இருக்க வேண்டும்.

மருத்துவர் எங்களைப் பார்ப்பது எப்போதாவது ஒருநாள், சில நிமிடங்கள். மற்ற நாட்களில் இந்த நோய்க்கு வீட்டில் இருப்பவர்கள்தான் வைத்தியம் பார்க்கிறார்கள். இதை மிகையாகச் சொல்லவில்லை. மலத்தை இளக்கிக் கழிவை வெளியேற்றக் கொடுக்கும் லாக்டுலோஸ் சிரப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 'ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று முறை இளக்கமாகப் போகும் அளவுக்குக் கூட்டிக் குறைத்துக்கொள்ளவும்' என்று டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி இருக்கிறது. படிக்கும்போது சுலபம். இன்று ஆறு முறை போய்விட்டது, சிரப்பை நிறுத்தவா? நிறுத்தினால் நாளைக்கு மலம் கட்டிக்கொண்டு, கழிவு இரத்தத்தில் சேர்ந்து, மூளை குழம்புமே. நிறுத்தாவிட்டால் உடம்பில் நீர் வற்றி, அதனாலும் அதே குழப்பம் வருமே. மூடியில் எத்தனை மில்லி ஊற்றுவது என்று ராத்திரி பத்து மணிக்கு அண்ணி பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். இது மருத்துவ முடிவு. அதை எடுக்கச் சொல்லி எங்களிடம் விட்டிருக்கிறீர்கள். சரி, எடுக்கிறோம். கேட்க ஓர் ஆள் வேண்டாமா?

அந்தக் குழப்பம் எப்படித் தொடங்கும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு வாரம் அண்ணன் பகலெல்லாம் தூங்கினார், ராத்திரி முழுக்க விழித்திருந்தார். கேட்டால், "தூக்கம் வரலடா, அவ்வளவுதான்" என்பார். கையெழுத்து கோணியது. ஒருநாள் மாலை தன் மொபைலைக் கையில் எடுத்தவர், அதை எப்படித் திறப்பது என்று பிடிபடாமல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி அவர் சிகிச்சை பெறும் மருத்துவமனைக்குப் போன் செய்தார். அடுத்த ஓ.பி. வியாழக்கிழமை, அவசரமென்றால் கேஷுவாலிட்டிக்கு வாருங்கள் என்று பதில் வந்தது. சொன்ன பெண்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ரிசப்ஷனில் உட்கார்ந்திருப்பவரால் வேறு என்ன சொல்ல முடியும்? அண்ணி திரும்பவும் கேட்டபோது, "பேஷன்ட்டிடம் கொடுங்கள், அவரிடம்தான் பேச முடியும்" என்றார். மொபைலைத் திறக்கவே தெரியாமல் உட்கார்ந்திருந்த மனிதரிடம்!

அந்த இடத்தில் ஒரு கல்லீரல் செவிலியர் இருந்திருந்தால் வரிசையாகக் கேட்டிருப்பார். கடைசியாக எப்போது மலம் போனார்? காய்ச்சல் உண்டா, வயிறு வலிக்கிறதா? மலம் கறுப்பாக இருந்ததா? சிறுநீர் குறைந்திருக்கிறதா? யாராவது தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்களா? இரண்டு கையையும் முன்னால் நீட்டி, மணிக்கட்டை மேலே தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள், கை படபடவென்று அடித்துக்கொள்கிறதா? ஐந்தே நிமிடத்தில், இது லாக்டுலோஸ் அளவைக் கூட்டிக் காலைவரை கவனிக்க வேண்டியதா, இப்போதே வண்டி ஏற்ற வேண்டியதா என்று பிரித்திருப்பார். இந்தக் கேள்விகளில் தூக்க மாத்திரையை நான் முக்கியமாக நினைக்கிறேன். ராத்திரி தூங்காத நோயாளியைப் பார்க்கும் எந்த வீட்டுக்கும் முதலில் தோன்றுவது அதுதான். பக்கத்தில் இருக்கும் மருத்துவரிடம் கேட்டு வாங்கியும் விடுவார்கள். ஏற்கெனவே குழம்பிக்கொண்டிருக்கும் மூளையை அது ஒரேயடியாக மயக்கத்தில் தள்ளிவிடலாம் என்று அவர்களுக்குச் சொல்ல யாரும் இல்லை.

வீட்டார் கூப்பிட்டாலும் செவிலியர் பேச வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். உதவி மிக அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில் கல்லீரல் நோயாளியால் தானே கூப்பிட முடியாமல் போகலாம். நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்க வேண்டியது உங்கள் கடமை, அதை மதிக்கிறேன். அதற்கு வழி இருக்கிறது. அவர் தெளிவாக இருக்கும்போதே, யாரிடம் தன் நோயைப் பற்றிப் பேசலாம் என்று எழுதி வாங்கி ஃபைலில் வைத்துவிடுங்கள். ஒரு பக்கம் போதும்.

எங்கள் வீட்டிலும், காத்திருப்பு அறையில் பழக்கமான மற்ற வீடுகளிலும் எழும் கேள்விகள் சிலவற்றைச் சொல்கிறேன். முட்டிவலிக்கு எந்த மாத்திரை போடலாம்? பாராசிட்டமால் கல்லீரலுக்கு ஆகாது என்று கேள்விப்பட்டு, அதை ஒதுக்கிவிட்டு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சிரோசிஸ் உள்ளவர்களுக்கு இவைதான் சிறுநீரகத்தைக் கெடுத்து, இரத்தக்கசிவையும் வரவழைக்கும். பாராசிட்டமாலை மருத்துவர் சொல்லும் குறைந்த அளவில், பொதுவாக நாளைக்கு 2 கிராமுக்கு மேல் போகாமல், எடுத்துக்கொள்ளலாம். மலம் கறுப்பாகப் போகிறது, இரும்புச்சத்து மாத்திரையாலா, உள்ளே இரத்தம் கசிகிறதா? வயிற்றில் சேரும் நீரை வெளியேற்ற மாத்திரை தொடங்கியபின் எடை வேகமாக இறங்குகிறது, சந்தோஷப்படவா, பயப்படவா? கால் வீக்கம் இல்லாதவருக்கு நாளைக்கு அரை கிலோவுக்கு மேல் இறங்கினால் சொல்ல வேண்டும் என்பது எங்களுக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. புரதத்தைக் குறைக்கச் சொன்ன பழைய அறிவுரை மாறிவிட்டது, தசை கரையாமல் இருக்க நன்றாகச் சாப்பிட வேண்டும், படுக்கும் முன்னும் ஏதாவது சாப்பிட வேண்டும் என்பதையும் பல வீடுகளில் இன்னும் யாரும் சொல்லவில்லை.

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்த வீட்டில் கேள்விகள் வேறு மாதிரி இருக்கும். ஒன்றாகச் சாப்பிடலாமா, குழந்தையைத் தூக்கிக் கொஞ்சலாமா, பக்கத்தில் படுக்கலாமா? இரத்தம், உடலுறவு, பிரசவத்தில் தாயிடமிருந்து சேய்க்கு என்றுதான் அது முக்கியமாகப் பரவும், சேர்ந்து சாப்பிடுவதாலோ கட்டிக்கொள்வதாலோ பரவாது, வீட்டில் உள்ளவர்கள் பரிசோதித்துக்கொண்டு தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம் என்று பத்து நிமிடம் பொறுமையாகப் பேசினால் ஒரு குடும்பம் உடையாமல் தப்பும். ஹெபடைடிஸ் சி என்றால் இன்னும் நல்ல செய்தி சொல்லலாம். பெரும்பாலும் 8 முதல் 12 வார மாத்திரையில் 95 சதவீதத்துக்கும் அதிகமானோருக்குக் குணமாகிவிடுகிறது.

குடியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கல்லீரல் நோய் என்றதும் எல்லாரும் முதலில் கேட்பது "குடிப்பாரா?" என்பதுதான். என் அண்ணன் குடித்தார், நிறுத்தினார். காத்திருப்பு அறையில் பழக்கமான ஓர் அம்மா வாழ்நாளில் தொட்டதில்லை. கொழுப்புக் கல்லீரல் முற்றி சிரோசிஸ் ஆகியிருந்தது. இருவருமே தலைகுனிந்துதான் உட்கார்ந்திருந்தார்கள். பலர் நிறைந்த ஓ.பி. அறையில், திரைக்குப் பின்னால் இன்னொருவர் காத்திருக்கும்போது, "நேற்று மறுபடியும் குடித்துவிட்டேன்" என்று யார் சொல்வார்கள்? முகம் தெரியாத போனில் சொல்வார்கள். அதைக் கேட்டுக் கடிந்துகொள்ளாத ஒரு குரல் அந்தப் பக்கம் இருந்தால் அடுத்த வாரமும் கூப்பிடுவார்கள். இன்னொன்றும் உண்டு. நெடுநாள் தினமும் அதிகமாகக் குடித்தவர் வைராக்கியமாக ஒரே நாளில் நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, பிதற்றல்வரை போய் உயிருக்கே ஆபத்தாகலாம். நிறுத்துவதற்கு முன்னால் அவர் பேசக்கூடிய ஆள் யார்? வீட்டில் எல்லாரும் கோபமாக இருப்பார்கள்.

போனில் நோயைக் கண்டுபிடிக்க முடியாது, நாளைக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம்தான். இரத்த வாந்தி எடுத்தால், தார் போல மலம் போனால், எழுப்பினாலும் எழாவிட்டால், வயிற்றில் நீர் உள்ளவருக்குக் காய்ச்சலோ வயிற்றுவலியோ வந்தால், போனில் ஆராய எதுவுமில்லை. 'உடனே புறப்படுங்கள்' என்று சொல்லிவிட்டு, வருபவரைப் பற்றி கேஷுவாலிட்டிக்குத் தகவல் கொடுப்பதுதான் செவிலியரின் வேலை. இந்த எல்லைகளை நீங்களே எழுதிக் கொடுங்கள். ஒவ்வொரு அழைப்பையும் ஃபைலில் பதியச் சொல்லுங்கள். இப்போது கேட்க ஆளில்லாமல் நாங்கள் வீட்டிலேயே காத்துக் கிடந்து, நிலைமை முற்றியபின் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறோமே, அதற்கு யார் பொறுப்பு?

பிரிட்டனில் பிரிட்டிஷ் லிவர் டிரஸ்ட் என்ற தொண்டு அமைப்பு செவிலியர்களைக் கொண்டே உதவி எண் நடத்துகிறது. கூப்பிடுபவரின் சிகிச்சைக் கோப்பு தொண்டு அமைப்பின் கையில் இருக்காது. இருந்தும் அங்கே மக்கள் கூப்பிடுகிறார்கள். உங்களிடம் கோப்பு இருக்கிறது, பழைய ரிப்போர்ட் எல்லாம் இருக்கிறது, எங்களைப் பெயர் சொல்லித் தெரிந்த சிஸ்டர்களும் இருக்கிறார்கள்.

அந்த சிஸ்டர்களை மனதில் வைத்து ஒன்று சொல்கிறேன். தயவுசெய்து வார்டு வேலையோடு சேர்த்து இந்தப் போனையும் அவர்கள் கையில் திணிக்காதீர்கள். ஒரு கையில் டிரிப்பும் ஒரு கையில் போனுமாக யாரும் ஒழுங்காகக் கேட்க முடியாது. தனி நேரம், கதவு சாத்திய ஓர் இடம், சந்தேகம் வந்தால் எடுக்கும் ஒரு மருத்துவர் எண், இவை வேண்டும். அவர்களுக்கு வரும் கேள்விகள் எல்லாம் மாத்திரை பற்றியதாக இருக்காது. மாற்று ஈரல் வரும்வரை அவர் தாங்குவாரா, இன்னும் எவ்வளவு நாள் இருப்பார் என்றும் கேட்பார்கள். இறந்தபின், நான் முன்னாலேயே கூட்டி வந்திருக்க வேண்டுமா என்று கேட்டு அழுவார்கள். இதையெல்லாம் நாள் முழுக்கக் கேட்பவருக்கும் மனம்விட்டுப் பேச உங்கள் பிரிவில் ஒருவர் வேண்டும்.

முதல் நாளே முழுநேர சேவை வேண்டும் என்று கேட்கவில்லை. வாரநாட்களில் சில மணி நேரத்தில் தொடங்குங்கள். அந்த நேரத்துக்கு வெளியே என்ன செய்ய வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அப்புறம், நாங்கள் கூப்பிடும்வரை காத்திருக்காமல், டிஸ்சார்ஜ் ஆன சில நாட்களுக்குள் செவிலியரே ஒருமுறை கூப்பிட்டு எடை, மலம், தூக்கம், மாத்திரை நான்கையும் விசாரிக்கட்டும். சிரோசிஸ் முற்றியவர்களில் பலர் ஒரே மாதத்துக்குள் மறுபடி அட்மிட் ஆகிறார்கள் என்பது எங்களைவிட உங்களுக்குத் தெரியும்.

எண்ணையும் நேரத்தையும் டிஸ்சார்ஜ் சீட்டின் மேல்பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சடியுங்கள். வயதானவர்கள் கண்ணாடி போடாமல் படிக்கும் அளவுக்கு இருக்கட்டும். தொடங்குவதற்கு முன், என்னென்ன கேள்விகள் வரும் என்று கேட்க எங்களைப் போல வீட்டில் பார்த்துக்கொள்பவர்கள் நாலு பேரைக் கூப்பிடுங்கள். வந்து உட்கார்ந்து சொல்கிறோம்.

இப்படிக்கு,
சிரோசிஸ் நோயாளி ஒருவரின் தம்பி